சாத்தூர் தாண்டியதும் கேட்ட என் மரணச் செய்தி

சாத்தூர் பேருந்து நிலையத்தை விட்டு வண்டி வெளியே வந்ததும், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் தன் கைபேசியில் என் மரணச் செய்தியைப் பார்க்க ஆரம்பித்தார்.

முதலில் கேட்டது புல்லாங்குழல். அப்புறம் ஒரு குரல். மூச்சு விடவேண்டிய இடத்தில் விடாமல், விடக்கூடாத இடத்தில் நின்று நின்று போகிற இயந்திரக் குரல். “பிரபல தொலைக்காட்சித் தொகுப்பாளினி ஜெசிந்தா, கோவில்பட்டி அருகே இன்று அதிகாலை நடந்த கோர விபத்தில் பலி. கண்ணீரில் ரசிகர்கள்.”

நான் குரலை வைத்துச் சோறு தின்கிறவள். செய்தி மண்டையில் ஏறுவதற்கு முன்னால், ‘இதையா இப்படி வாசிப்பார்கள்’ என்றுதான் தோன்றியது. அதற்கு அடுத்த நொடியில்தான் அது என் பெயர் என்று உறைத்தது.

சீட்டு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். என் படம்தான். ஒரு விருது விழாவில் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு சிரித்தது. அதற்கு மாலை போட்டு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கையும் ஒட்டியிருந்தார்கள். சிலுவை வைக்க வேண்டிய வேதக்காரப் பெண்ணுக்குக் குத்துவிளக்கு.

“அய்யோ பாவம், நல்லாப் பேசுமே இந்தப் பிள்ள” என்றார் முன்சீட்டுப் பெண்.

பக்கத்தில் அவர் கணவர். கல்யாண வீட்டுக்குப் போகிற வேட்டி, சட்டை. எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“பேசும், பேசும். பெத்த அப்பனையே டிவில ஏத்திப் பேசுனவதான? இவளுக்கெல்லாம் இப்படித்தான் முடியும்.”

நான் முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். உயிரோடு இருக்கிறவள், செத்துப்போனவளுக்காக ஒளிந்துகொண்டேன்.

அணைந்து கிடந்த போன்

எனக்கு என்னைப் பற்றிக் கவலை இல்லை. அம்மாவை நினைத்ததும்தான் பயம் வந்தது.

சில மாதம் முன்புதான் அம்மாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. “அதிர்ச்சி தர்ற மாதிரி எதையும் சொல்லிராதீங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மாதத்துக்கு ஒரு தடவை நான் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். அன்றைக்கும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

ராத்திரி ரயிலில் எங்கள் பெட்டியில் சார்ஜ் ஏறும் பிளக் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. விடியும்போதே போன் உயிரை விட்டிருந்தது. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பைக்குள் போட்டுவிட்டேன். விபத்தும் விடியற்காலை, என் போன் அணைந்ததும் விடியற்காலை. என்னைக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லாம் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அம்மாவின் எண் புதிது, மனப்பாடம் இல்லை. அண்ணி எண்ணும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே எண் அண்ணனுடையது. மோட்டார் காயில் கட்டுகிற எங்கள் கடையின் போர்டில் எழுதியிருக்கிற எண். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து மனதில் பதிந்தது.

அந்த எண்ணுக்கு நான் போன் செய்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அவன் கடைக்குப் போன பிறகு நான் வீட்டுக்குள் நுழைவேன், அவன் சாப்பாட்டுக்கு வருவதற்குள் கிளம்பிவிடுவேன். நேரம் பார்த்துச் சொல்லுவது அம்மாவின் வேலை.

ஒரு சொல்லும் ஒரு வாக்கியமும்

இந்தத் தொடரின் முந்தைய வாரங்களைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த உள்ளூர் கேபிள் சேனலில்தான் என் வாய் திறந்தது. பிறந்தநாள் வாழ்த்து, காணாமல் போன மாடு, நகைக்கடை விளம்பரம். கீழே லேத் ஓடினால் மேலே நான் நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கிருந்து திருநெல்வேலி பண்பலைக்குப் போனேன். மத்தியான நிகழ்ச்சி. புதியம்புத்தூர்த் தையல் கூடங்களிலிருந்து பெண்கள் போன் போடுவார்கள். அவர்கள் பெயரைச் சொல்லுவதற்கு முன்னாலேயே தையல் மிஷின்களின் இரைச்சல் வந்துவிடும். “மிஷின நிறுத்திட்டுப் பேசுங்கக்கா” என்பேன். “நிறுத்துனா சூப்பர்வைசர் வந்துருவாருக்கா” என்பார்கள்.

அப்புறம் சென்னை, டிவி. நேரலையில் ஒரு பெரிய மனிதரிடம், “சார், நீங்களும் வருதீங்களா?” என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு மாதம் என்னைக் கேலி செய்தார்கள். ஒருவர் அதைப் பாட்டாகவே போட்டார். ராத்திரிகளில் கண்ணாடி முன்னால் நின்று ‘வருகிறீர்களா, வருகிறீர்களா’ என்று சொல்லிப் பழகினேன்.

அதைவிடப் பெரியது இரண்டாவது. குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்க்கிற நிகழ்ச்சி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் எதிரே ஒரு பெண், உதடு கிழிந்து தையல் போட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எது கேட்டாலும் “கீழ விழுந்துட்டேன்” என்றாள். அவளைப் பேசவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“எங்க அப்பாவும் குடிச்சிட்டு வந்து எங்க அம்மாவ அடிப்பாரு. நானும் எங்க அண்ணனும் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிடுவோம்” என்றேன்.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள்.

சேனல்காரர்கள் அவள் சொன்னதை விட்டுவிட்டு, நான் சொன்னதை வெட்டி எடுத்து விளம்பரமாக ஓட்டினார்கள். விளம்பர இடைவேளை தோறும் என் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தார். கோவில்பட்டியில் எங்கள் அப்பாவுக்கு நல்ல பெயர். மாதா கோயில் திருவிழாவுக்கு முன்னால் நின்று செய்தவர். இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணன் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் அதைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு அண்ணன் போனில் சொன்னது இதுதான்: “செத்த மனுசன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவாரா?” அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவனும் அதே கட்டிலுக்கு அடியில்தான் இருந்தான். ஆனால் இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை. அம்மாவோ அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“செத்தவிய இங்கன இருக்காவ!”

பஸ்ஸுக்குத் திரும்புகிறேன். அடுத்த ஊரான நள்ளி வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். முன்சீட்டுக் கம்பியைத் தட்டி, முகக்கவசத்தைக் கழற்றினேன்.

“அக்கா, உங்க போன் ஒரு நிமிஷம் தருதீங்களா? அவசரம்.”

அந்தப் பெண் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“ஏங்க… ஏங்க! இவிய… செத்தவிய இங்கன இருக்காவ!”

பஸ் முழுக்கத் திரும்பியது. கண்டக்டர் என்னவோ ஏதோ என்று விசிலை ஊதிவிட, டிரைவர் ரோட்டோரம் ஒதுக்கி நிறுத்தினார். உழுது போட்டு மழைக்குக் காத்துக் கிடந்த கரிசல் காட்டிலிருந்து காற்று புழுதியோடு உள்ளே வந்தது.

“எனக்கு ஒண்ணும் ஆகல. அது தப்பான செய்தி. எங்கம்மா நெஞ்சுவலி வந்தவிய. அவிய காதுக்குப் போறதுக்குள்ள நான் பேசணும்” என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

கல்யாண வேட்டிக்காரர்தான் முதலில் எழுந்தார். முகம் சிவந்து போயிருந்தது. தன் போனை எடுத்து, “நம்பரச் சொல்லுங்கம்மா, நான் அடிச்சுத் தாரேன்” என்றார்.

மணி அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தோம். யாரும் எடுக்கவில்லை. எப்போதும் இடுப்பில் போனோடு திரிகிற என் அண்ணன் ஏன் எடுக்கவில்லை? இந்த நேரத்தில் அவன் எடுக்க முடியாத இடம் எது? அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறானோ? மனது அதற்கு மேல் போகாமல் நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

“டிரைவரண்ணே, எங்கயும் நிறுத்தாதீங்க. நேரா மிதிங்க” என்று கண்டக்டர் கத்தினார்.

“நீங்களே பேசி ஒரு வீடியோ போட்டுருங்கம்மா. இது எப்படிப் பரவுச்சோ அது மாதிரி அதுவும் பரவட்டும்” என்றார் வேட்டிக்காரர். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அவர் போனைப் பிடித்தார். நடுவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“வணக்கம், நான் உங்கள் ஜெசிந்தா!”

பழக்கதோஷம். நிகழ்ச்சிக் குரலில், நிகழ்ச்சிச் சிரிப்போடு வந்துவிட்டது. கேட்க எனக்கே அசிங்கமாக இருந்தது. “அழிச்சிருங்கண்ணே” என்றேன். இரண்டாவது தடவை டிவித் தமிழ் எதுவும் வாயில் வரவில்லை.

“நான் ஜெசிந்தா பேசுதேன். எனக்கு ஒண்ணும் ஆகல. பஸ்ஸுல வந்துகிட்டு இருக்கேன். கோவில்பட்டில எங்க வீட்டுப் பக்கத்துல இருக்கவிய யாராவது இதப் பாத்தா, ஓடிப்போய் எங்கம்மாட்ட சொல்லிருங்க. அவியளுக்கு ஸ்டென்ட் வச்சிருக்கு. தயவுசெஞ்சு சொல்லிருங்க.”

அவ்வளவுதான் பேச முடிந்தது. வேட்டிக்காரர் அதை நாலு குழுக்களில் போட்டார். பஸ்ஸில் இருந்தவர்களும் வாங்கிப் போட்டார்கள். அப்புறம் அவர் தன் இடத்தில் உட்காராமல் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். இறங்கும்போது, “நான் பேசுனது உங்க காதுல விழுந்திருக்கும்லம்மா?” என்று கேட்டார். விழவில்லை என்று சொன்னேன்.

மழைக்கு ஒரு ஜெபமாலை

எங்கள் தெரு முனையில் ஆட்டோ திரும்பும்போதே, செய்தி வீட்டுக்கு எட்டிவிட்டது என்று தெரிந்துவிட்டது. வீட்டு முன்னால் ஒரு குட்டியானை வண்டி நின்றது. ஒருவர் அதிலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கடுக்காக இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடுக்கை அப்படியே கீழே விட்டுவிட்டார்.

அந்தச் சத்தத்துக்கு வாசலில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். சில பேர் வீடியோவைப் பார்த்திருந்தார்கள், பலர் பார்க்கவில்லை. ஒரு மாமா தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் யாரிடமும் நிற்காமல் உள்ளே ஓடினேன்.

அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. சுற்றித் தெருப்பெண்கள், கண்ணெல்லாம் வீங்கி. டிவி அணைந்திருந்தது. என்னைக் கண்டதும் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி “சேசுவே” என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மட்டும் எழவில்லை.

“வந்துட்டியா? மழைக்கு ஜெபமாலை சொல்லணும்னு காலைலயே வந்து உக்காந்திருக்காளுவ. நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றாள். சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது. வளையல் அழுந்தி வலித்தது. விடவே இல்லை.

அண்ணி சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மழைக்கு ஜெபமாலை என்று சொல்லி அத்தனை பேரையும் உட்காரவைத்தது அவள்தான். அம்மாவின் போனை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்ததும் அவள்தான்.

பெண்கள் கொஞ்சம் கலைந்ததும் அம்மா என் காதருகே குனிந்தாள்.

“டிவிய நிறுத்துனாளுவ. போன ஒளிச்சாளுவ. மழைக்கு எவட்டி அழுதுகிட்டே ஜெபமாலை சொல்லுவா? எனக்குத் தெரியாமலா இருக்கும்?”

“ஏம்மா, நீ கேக்க வேண்டியதுதான?”

“கேட்டா நெசம்னு ஆயிருமே. அதான் கேக்காம சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

அப்போதுதான் எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. எங்கே என்று கேட்டேன். அண்ணி என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள்.

“ஆஸ்பத்திரில இருந்து தெரிஞ்சவிய ஒருத்தர் கூப்பிட்டு, ‘உங்க தங்கச்சி பேருல ஒரு பாடி வந்திருக்கு’ன்னாரு. போன மேசைலயே போட்டுட்டு ஓடிட்டாவ. உங்கள… அடையாளம் காட்ட.”

எங்கள் அண்ணன் போன் மேசைமேல் கிடந்தது. பஸ்ஸிலிருந்து நாங்கள் அடித்த அழைப்பெல்லாம், ஜெபச் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல், அதில் இருந்தன. ஒரு ஆளை பைக்கில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதன் பிறகு காத்திருந்த நேரத்தை நான் என் வாழ்நாளில் மறக்கமாட்டேன். நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். என் அண்ணன் எங்கேயோ ஒரு கதவுக்கு வெளியே, என் பிணத்தைப் பார்க்க நின்றுகொண்டிருக்கிறான்.

அண்ணன் சொன்னது

அனுப்பிய ஆள் போய்ச் சேர்வதற்குள் அவனே வந்துவிட்டான். வாசலில் வண்டியை நிறுத்தினான். சாவியை எடுக்கவில்லை. இறங்கவும் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். தலை முன்பைவிட நரைத்திருந்தது.

“அண்ணே” என்றேன்.

“தண்ணி கொண்டா” என்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன்.

“துணிய விலக்குனாவ. வேற பிள்ள. உன் வயசுதான் இருக்கும். அதுக்கும் ஜெசிந்தான்னுதான் பேராம். எட்டயபுரத்துக்கு அங்கிட்டு ஒரு ஊரு. புதியம்புத்தூருக்குத் தையலுக்குப் போற பிள்ளை. வேலைக்குப் போற வேன்ல லாரி மோதியிருக்கு.”

காலிச் செம்பைக் கீழே வைத்தான்.

“நான் சிரிச்சிட்டேன் ஜெசி.”

“என்னண்ணே?”

“அங்கன வச்சு சத்தமாச் சிரிச்சிட்டேன். ‘இது எங்க ஜெசி இல்ல, எங்க ஜெசி இல்ல’ன்னு சொல்லிச் சிரிக்கேன். திரும்புனா எனக்குப் பின்னால ஒரு ஆளு நிக்காரு. அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை. அடுத்து அவருதான் பாக்கணும்.”

அண்ணன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அப்பா இறந்தபோதுகூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

“சாயங்காலம் அடக்கமாம். நான் போவணும்” என்றான் கொஞ்சம் கழித்து.

“நானும் வாரேன்.”

“நீ வேண்டாம். நீ வந்தா ஒன்னையத்தான் எல்லாரும் பாப்பாவ. அந்தப் பிள்ளைய யாரும் பாக்க மாட்டாவ.”

அவன் சொன்னது சரிதான். ஆனாலும் போகாமல் இருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. காலையிலிருந்து உலகம் முழுக்க எனக்காக அழுததும் என்னை ஏசியதும் எல்லாம் அந்தப் பெண்ணின் சாவில்தான். அவள் முகம்கூட யாருக்கும் தெரியாது. “நான் ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன்” என்றேன். அவன் எழுந்து முகம் கழுவப் போனான். அது சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கிளம்பிய சர்ச்சை

இந்த இடத்தில் நடுவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மறுநாளே என்மேல் புதிய குற்றச்சாட்டு கிளம்பியது. வாய்ப்பு குறைந்துபோன தொகுப்பாளினி, தன்னைத் தானே சாகடித்து விளம்பரம் தேடினார் என்றார்கள். பஸ், முகக்கவசம், உடைந்த குரல், எல்லாம் ஏற்பாடு என்றார்கள். ஒருவர் என் பஸ் வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, கண்ணீர் எங்கே வரவில்லை என்று காட்டினார். “இவ்வளவு பதற்றத்தில் இருப்பவர் ஏன் திடீரென்று ஊர் பாஷை பேசுகிறார்?” என்பது அவர் கேள்வி.

சாவு வீட்டில் யாரோ எடுத்த ஒரு படமும் வெளியே வந்தது. அங்கேயும் கேமராவோடு போனேன் என்று எழுதினார்கள். ஒப்பந்தமாகியிருந்த ஒரு நிகழ்ச்சி கைநழுவியது. பதில் சொல்லு, பதில் சொல்லு என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள்.

பதில் சொல்லவேண்டுமானால் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். சொன்னால் மறுநாளே அந்த வாசலில் மைக்கோடு பத்துப் பேர் நிற்பார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்தக் குடும்பத்தாரிடம் நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்க, ஊர் பேரு மட்டும் போடாதீங்க” என்றார்கள்.

அவள் வீடு

வெயில் தாழ்ந்த பிறகு அண்ணன் பைக்கில் கிளம்பினோம். நான் அம்மாவின் பழைய வெள்ளைச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தேன். எட்டயபுரம் ரோட்டில் இரண்டு பக்கமும் கறுத்துக் கிடந்த காடு. எதிர்க்காற்றில் அண்ணன் பேசியது பாதிதான் கேட்டது. ஓர் இடத்தில் வேகத்தைக் குறைத்தான்.

“அப்பா விஷயத்த நீ டிவில சொன்னதுக்கு எனக்கு இன்னும் கோவம் போவல, கேட்டியா?”

“சரி.”

“போவும்னும் தோணல.”

“சரிண்ணே.”

“ஆனா இனிமே எங்கிட்ட பேசாம இருக்காத.”

பேசாமல் இருந்தது நான் இல்லை, அவன்தான். அதைச் சொல்லவில்லை. அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

சின்ன வீடு. வாசலில் துணிப்பந்தல், உள்ளே சிலுவைக்கு முன்னால் பெட்டி. நான் சொன்னபடி ஓரமாகத்தான் நின்றேன். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். “ஏட்டி, இவிய அந்த…” என்று ஒரு முணுமுணுப்பு எழுந்து பந்தல் முழுக்கப் பரவியது. ஒரு போன் உயர்ந்தது. அண்ணன் சட்டென்று என் முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

அப்புறம் அவன் அந்தப் பெண்ணின் கணவரிடம் போனான். என்ன பேசினான் என்று கேட்கவில்லை. அவர் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். அந்த ஜெசிந்தாவின் தாய். போனேன். முட்டி போட்டு அருகே குனிந்தேன். பெட்டிக்குள் முதன்முறையாக அவளைப் பார்த்தேன். மாநிறம். நெற்றியோரம் கட்டு. என்னைப்போல் எதுவுமே இல்லை.

“நீங்கதானாம்மா அது?”

“ஆமாம்மா.”

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

“காலைல வேனு அடிபட்டுருச்சு, ஜெசிந்தா செத்துட்டான்னு தெருவுல ஒரே பேச்சு. கூடப் போன பிள்ளைக ஒண்ணும் போன எடுக்கல. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு ஓடுதாரு. அந்நேரம் பக்கத்து வீட்டுக்காரி போனக் கொண்டாந்து காட்டுனா. ‘இங்கன பாருங்க, செத்தது டிவில வாரவ, நம்ம பிள்ள இல்ல’ன்னா. ஒங்க படம், மாலையோட.”

மூச்சு வாங்கினார். என் கையைத் தேடிப் பிடித்தார்.

“நான் கோயிலுக்கு ஓடினேம்மா. மாதாவுக்கு மெழுவர்த்தி ஏத்துனேன். நீங்க செத்ததுக்கு. அது எரிஞ்சு முடியலம்மா, மாப்பிள்ளை போன் வந்துருச்சு.”

பேச்சையே பிழைப்பாக வைத்திருக்கிறவள் நான். ஆறுதல் சொல்லச் சொல்லி எத்தனையோ மேடைகளில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். அவர் உள்ளங்கை சூடாக இருந்தது. அங்கே அதைப் பிடித்துக்கொண்டு இருந்தது மட்டும்தான் என்னால் முடிந்தது.

“மன்னிச்சிரும்மா” என்றார்.

பின்னாலிருந்து அண்ணன்தான் பேசினான். “அம்மா, ஆஸ்பத்திரில ஒங்க பிள்ளையப் பாத்துட்டு நான் சிரிச்சேன். நீங்கதான் மன்னிக்கணும்.”

அந்த அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். பாயில் கொஞ்சம் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார். உட்கார்ந்தோம்.

எடுக்கிற நேரம் நெருங்கியது. ஒரு பெண் எழுந்து ஜெபத்தை ஆரம்பித்தாள். ஜெசிந்தாவின் ஆன்மாவுக்கு இளைப்பாற்றி தாரும் என்று அவள் வேண்ட, பந்தலில் இருந்த அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். முதல் தடவை என் வாய் திறக்கவில்லை. அவள் மறுபடி அந்தப் பெயரைச் சொன்னாள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து பதில் சொன்னேன்.